பேய்க்கு ஊற்றிய கோப்பை

ஹாலோவீன் இரவின் காக்டெயில் பட்டியலில் டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் தவறாமல் வருகிறார்கள். ஆனால் அந்தப் புத்தகங்களில் யார் யாருக்கு எதை ஊற்றிக் கொடுத்தார்கள்?

கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சாலை கம்பம்மெட்டில் கேரளத்துக்குள் நுழைகிறது. கீழே பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைத் தோட்டங்கள். மேலே இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காடுகள். விடியற்காலையில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மெட்டைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. மாலையில் அதே ஜீப்புகள் இறங்குகின்றன. எல்லையில் இரு மாநிலங்களின் சோதனைச் சாவடிகள். ஒரு பக்கம் கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் உண்டு. மறு பக்கம் மரத்திலிருந்து கள் இறக்கினாலே வழக்கு.

பெங்களூர், மும்பை, குருகிராம் போன்ற நகரங்களின் பார்களில் அக்டோபர் 31-ம் தேதி இரவு பேய் வேஷமும் அதற்கேற்ற காக்டெயிலும் இப்போது வாடிக்கையாகிவிட்டன. அயர்லாந்தின் பழைய அறுவடைக்காலச் சடங்கில் தொடங்கி, கிறிஸ்தவர்களின் சகல புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவாகி, அமெரிக்காவில் பரங்கிக்காய் விளக்கும் மிட்டாயும் சேர்ந்து, கடைசியில் வியாபாரமாக இங்கே வந்து இறங்கியிருக்கிறது ஹாலோவீன். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் இரண்டே நாள் கழித்து, நவம்பர் 2-ம் தேதி, கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அங்கே வேஷமும் இல்லை, காக்டெயிலும் இல்லை.

அப்படி ஒரு விருந்தைக் கம்பம்மெட்டில் வைப்பதாக வைத்துக்கொள்வோம். பானங்களுக்குப் பெயர் சூட்ட எந்தப் புத்தகங்களைப் புரட்டுவது? நகரத்து பார்களில் பட்டியல் ஏறக்குறைய எழுதப்பட்டதுபோலத்தான்: சிவப்பாக இருந்தால் டிராகுலா, பச்சையாக இருந்தால் ஃபிராங்கன்ஸ்டைன், கறுப்பாக இருந்தால் எட்கர் ஆலன் போ. புத்தகங்களைத் திறந்து பார்த்தால் சமாச்சாரம் வேறாக இருக்கிறது.

மது பிடிக்காத பூதம்

முதலில் ஃபிராங்கன்ஸ்டைன். 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் தங்கியிருந்த மாளிகையில் நண்பர்கள் கூடினார்கள். முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பாவின் வானிலையே கெட்டிருந்தது. விடாத மழை. பொழுது போகாமல் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று பந்தயம் வைத்தார்கள். 18 வயது மேரி அதில் தொடங்கிய கதைதான் 1818-ல் புத்தகமாக வந்தது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயரல்ல, அதைப் படைத்தவனின் பெயர் என்பது பலருக்கும் தெரிந்த விஷயம். அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. காட்டில் அலையும் அந்த உருவம் ஓர் இடையனின் காலை உணவைத் தின்கிறது. ரொட்டி, பாலாடைக்கட்டி, பால் எல்லாம் ருசிக்கின்றன. திராட்சை மது மட்டும் பிடிக்கவில்லை. அதன் வழக்கமான சாப்பாடு கொட்டைகளும் பழங்களும்தான். மதுவே பிடிக்காத சைவப் பூதத்தின் பேரில்தான் பார்களில் பச்சை வோட்கா விற்பனையாகிறது!

அடுத்தவர் டிராகுலா. பிராம் ஸ்டோக்கரின் நாவல் வெளிவந்தது 1897-ல். ‘நான் மது அருந்துவதில்லை’ என்று கோமான் அர்த்தத்தோடு சொல்லும் பிரபலமான வசனம் 1931-ம் ஆண்டுத் திரைப்படத்தில் வருவது, நாவலில் கிடையாது. நாவலில் வருவது விருந்தோம்பல். இரவில் கோட்டைக்கு வண்டியில் வரும் இளம் வக்கீலிடம், குளிருக்காக இருக்கைக்கு அடியில் பிளம்பழச் சாராயம் இருப்பதாக வண்டிக்காரன் சொல்கிறான். கோட்டையில் வறுத்த கோழியும், பழைய ஹங்கேரிய டோகாய் ஒயின் ஒரு புட்டியும் காத்திருக்கின்றன. வக்கீல் இரண்டு கோப்பை குடிக்கிறான். தான் ஏற்கெனவே சாப்பிட்டாகிவிட்டது என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து உபசரிக்கிறார் கோமான். விருந்தாளி தின்கிறான், குடிக்கிறான். விருந்தளிப்பவர் எதையும் தொடவில்லை. பயம் அங்கே தொடங்குகிறது. டிராகுலாவின் பெயரில் ஒரு பானம் வேண்டுமானால் அது சிவப்பாக இருக்க வேண்டியதில்லை. டோகாய் ஒயினின் நிறம் பொன்மஞ்சள்.

போ 1846-ல் எழுதிய ‘அமான்டியாடோ பீப்பாய்’ சிறுகதையில் ஹாலோவீன் விருந்துக்கான எல்லா அம்சங்களும் இருக்கின்றன. ஊரே மாறுவேடத்தில் ஆடிக்கொண்டிருக்கும் திருவிழா. கோமாளிக் குல்லாயில் மணி கட்டிய ஒருவன். மது ருசி அறிந்தவன் என்ற கர்வம் அவனுக்கு. அவன்மீது வஞ்சம் வைத்திருக்கும் இன்னொருவன், அபூர்வமான ஷெர்ரி ஒயின் வந்திருக்கிறது, ருசி பார்த்துச் சொல் என்று நிலவறைக்கு அழைத்துப் போகிறான். போகும் வழியில் வேறு ஒயின்களை ஊற்றிக் கொடுத்துப் போதையேற்றுகிறான். கடைசியில் சுவரோடு சேர்த்துச் சங்கிலியில் பூட்டி, கல் மேல் கல் வைத்து உயிரோடு சமாதி கட்டுகிறான். ஆசை காட்டிய அந்த ஷெர்ரி ஒரு சொட்டுகூட அவன் நாக்கில் படவில்லை.

பானத்தையே கதையாக்கியவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். ‘டாக்டர் ஜெகிலும் திருவாளர் ஹைடும்’ 1886-ல் வந்தது. அதில் பானம் கலக்கும் காட்சி அப்படியே பார் கவுண்டரில் நடப்பதைப்போல இருக்கும். அளவுக் குவளையில் சிவப்புத் திராவகம் சில துளி. அதில் ஒரு பொட்டலம் உப்பு. உப்பு கரையக் கரைய நிறம் பளிச்சிடுகிறது, நுரைக்கிறது, ஆவி எழுகிறது; கருஊதாவாகி, பிறகு வெளிறிய பச்சையாக அடங்குகிறது. குடித்தவன் வேறு ஆளாகிறான். மரியாதைக்குரிய டாக்டர் இரவில் கொலைகாரனாகத் திரிகிறார். ஆனால் கதையின் உண்மையான திகில் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. உப்பு தீர்ந்துபோகிறது. புதிதாக வாங்கிய உப்பு வேலை செய்யவில்லை. லண்டன் முழுக்க ஆள் விட்டுத் தேடியும் பலனில்லை. முதலில் வாங்கிய சரக்கில் ஏதோ கலப்படம் இருந்திருக்கிறது; மருந்துக்குச் சக்தி கொடுத்தது அந்தக் கலப்படம்தான் என்று டாக்டருக்குப் புரிகிறது. அது என்னவென்று கடைசிவரை தெரியவில்லை. கம்பம்மெட்டுக்குத் திரும்பும்போது இந்த உப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய திகில் கதைகளில் பானத்துக்கு ஒரு வேலை இருந்தது. ஒருவர் இன்னொருவருக்கு ஒரு நோக்கத்தோடு ஊற்றிக் கொடுத்தார். போவிடம் அது தூண்டில் இரை. ஸ்டோக்கரிடம் பொறியின் வாசல். ஸ்டீவன்சனிடம் தன்னிடமிருந்தே தப்பிக்கும் வழி. பார் மெனுவில் அந்தக் கொடுக்கல் வாங்கல் கழன்றுபோய் நிறமும் பெயரும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

பார்களுக்குச் சொந்தமாகவே சாவுப் பெயர்கள் உண்டு என்பது வேறு விஷயம். லண்டன் சவாய் ஹோட்டலின் ஹாரி கிராடாக் 1930-ல் வெளியிட்ட காக்டெயில் புத்தகத்தில் ‘பிணம் எழுப்பி’ என்ற பொருளில் இரண்டு பானங்கள் இருக்கின்றன. முதல் நாள் குடித்து மறுநாள் காலை பிணமாகக் கிடப்பவரை எழுப்பும் மருந்து என்பது தமாஷ். இரண்டாம் எண் பானத்தை வேகமாக நான்கு முறை குடித்தால் எழுந்த பிணம் மறுபடி பிணமாகிவிடும் என்று கிராடாக்கே எச்சரித்தார். 1934-ல் ஹாலிவுட்டில் டான் பீச் என்பவர் பலவகை ரம்களைக் கலந்து உருவாக்கியது ‘ஜோம்பி’. ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்று கடையிலேயே கட்டுப்பாடு வைத்திருந்தார். சாவின் பேரில் சிரித்தவர்களும் கோப்பைகளை எண்ணித்தான் ஊற்றினார்கள்.

நம் பக்கத்துப் பேய்கள்

தமிழில் திகில் விருந்தின் முதல் மெனு கார்டு ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைப் பள்ளிப் பாடத்தில் ஒன்றிரண்டு பாட்டோடு பலரும் கடந்து வந்திருப்பார்கள். முதல் குலோத்துங்க சோழன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற கதை அது. ஆனால் நூலில் மனதைவிட்டு அகலாத பாத்திரங்கள் மன்னனும் அல்ல, தளபதியும் அல்ல. பசியோடு காத்திருக்கும் பேய்கள். போர் முடிந்ததும் அவை களத்தில் இறங்கிக் கூழ் காய்ச்சுகின்றன. முதலில் யானைக் கொம்பால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்துக் குளிக்கின்றன. பிறகு முரசை உரலாக்கி, யானைத் தந்தத்தை உலக்கையாக்கி, விழுந்தவர்களின் பல்லை அரிசியாகக் குத்துகின்றன. உலக்கைப் பாட்டு வேறு!

பந்தி பரிமாறும் பகுதி இன்னும் நுட்பமானது. ஒரு வேளை மட்டும் உண்ணும் சமணப் பேய்க்கு முடி விழாமல் வடிகட்டிக் கொடுக்க வேண்டும். குருட்டுப் பேய், ஊமைப் பேய், சூல்கொண்ட பேய் என்று ஒவ்வொருவர் தேவையும் கவனிக்கப்படுகிறது. விருந்தாளிப் பேயும் உண்டு. கல்யாண வீட்டுச் சமையல்கட்டை அறிந்தவர்தான் இதை எழுதியிருக்க முடியும். கேலியும் குமட்டலும் ஒரே அகப்பையில் வருகின்றன. வென்ற மன்னனைப் புகழும் நூல், அந்த வெற்றியைக் கொண்டாடும் விருந்தில் பாத்திரத்தில் கொதிப்பது எது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

கேரளப் பக்கம் பேய் உலகின் ராணி யட்சி. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்ட ‘ஐதீகமாலை’ வழியாக இந்தக் கதைகள் அச்சேறிப் பரவின. இரவில் தனியாகப் போகும் வழிப்போக்கனிடம் அழகிய பெண் ஒருத்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுத்தவனைத் தன் மாளிகைக்கு அழைப்பாள். விடிந்த பிறகு பார்த்தால் மாளிகை இருந்த இடத்தில் பனைமரம். அடியில் முடியும் நகமும் எலும்பும். யட்சியை வழிக்குக் கொண்டுவந்தவராகக் கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் கதைகளில் வருகிறார். பனங்காடு நிறைந்த பாலக்காட்டுக்காரர்களுக்கு இந்தக் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மரத்தின் மேலே கள், அடியிலே யட்சி.

பின்னாளில் கோட்டயம் புஷ்பநாத் டிராகுலாவையே மலையாளத்துக்குக் கூட்டிவந்து மர்ம நாவல்களில் உலவவிட்டார். 2018-ல் மறைந்த அவருடைய நாவல்கள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டன. ஐரோப்பிய ரத்தக்காட்டேரி ஹாலோவீனுக்கு வெகு காலம் முன்பே வாடகை நூலகம் வழியாக வந்து சேர்ந்திருந்தது.

யட்சி கேட்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வெற்றிலை போட்ட வாயைச் சிவக்க வைப்பது அதுதான். மஞ்சள் நீரில் அதே சுண்ணாம்பைக் கரைத்தால் நீர் ரத்தச் சிவப்பாகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் காரத்தில் நிறம் மாறுவதால் வரும் விளைவு இது. சோற்றானிக்கரை கீழ்க்காவில் இரவில் நடக்கும் ‘வலிய குருதி’ பூஜையில் பெரிய பெரிய பாத்திரங்களில் நிறைந்திருப்பது இந்தச் செந்நீர். பெயர் குருதி, உள்ளே இருப்பது மஞ்சளும் சுண்ணாம்பும். பேய் பிடித்ததாகச் சொல்லப்படுபவர்களை அழைத்து வரும் தலம் அது. தமிழ் வீடுகளில் மணமக்களுக்கும், பிள்ளை பெற்று வீடு திரும்பும் பெண்ணுக்கும் ஆலம் சுற்றுவதும் இதே கலவையால்தான். சுற்றிய பிறகு யாரும் அதைக் குடிப்பதில்லை, வாசலில் கொட்டிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத எதுவோ அதை வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விட வேண்டும் என்பது எண்ணம்.

இங்கே பானம் போகும் திசையே வேறு. மேலைநாட்டுக் கதைகளில் ஆபத்தானவன் மனிதனுக்கு ஊற்றிக் கொடுக்கிறான். நம் வழக்கத்தில் மனிதன் ஆபத்தான சக்திக்கு ஊற்றிக் கொடுக்கிறான். தென்மாவட்டங்களில் சுடலைமாடனுக்குப் படையலில் சாராயமும் சுருட்டும் வைப்பது பழைய வழக்கம். அதற்கும் வெகு முன்பு, போரில் இறந்தவருக்கு நட்ட கல்லுக்குக் கள் படைத்ததைப் புறநானூறு சொல்கிறது. அதியமான் இறந்த பிறகு, சிறு கலத்தில் வார்க்கும் கள்ளை அவன் ஏற்றுக்கொள்வானா என்று ஔவையார் கலங்குகிறார். கம்பம் இருக்கும் இதே தேனி மாவட்டத்தில் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று கூடல் ஊரில் நடந்த ஆநிரைச் சண்டையைக் குறிப்பிடுகிறது.

இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. போ 1849 அக்டோபரில் பால்டிமோர் நகரத்தில் நினைவிழந்த நிலையில் கிடந்து, சில நாளில் இறந்தார். என்ன காரணம் என்பது இன்றுவரை தீராத விவாதம். பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு ஜனவரி 19-ம் தேதியும், அவருடைய பிறந்த நாளன்று, முகத்தை மறைத்த ஒருவர் கல்லறைக்கு வந்து மூன்று ரோஜாவும் பாதி புட்டி கோன்யாக் பிராந்தியும் வைத்துவிட்டுப் போனார். 2009-க்குப் பிறகு அவர் வரவில்லை. மதுரை வீரன் கோயில் பூசாரி இந்தச் செய்தியைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்.

மெட்டில் கிடைக்கும் சரக்கு

கம்பம்மெட்டு விருந்தில் என்ன ஊற்றலாம்? தேடி அலைய வேண்டியதில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் காய்க்கும் திராட்சை என்பதால் அக்டோபரிலும் தட்டுப்பாடு இராது. கையால் பிசைந்து வடிகட்டினால் கருஞ்சிவப்புச் சாறு. அதோடு தட்டிய இஞ்சி, மெட்டுக்கு மேலே விளைந்த ஏலக்காய் இரண்டு, எலுமிச்சைச் சாறு, சிட்டிகை உப்பு. காரம் வேண்டுபவர்கள் ஒரு காந்தாரி மிளகாயைக் கீறிப் போடலாம். யட்சியின் பெயர் இதற்குப் பொருந்தும். பார்க்க அழகு, நாலு வாய் குடித்த பிறகு காரம் ஏறும்.

டாக்டர் ஜெகிலின் நிறம் மாறும் கோப்பையையும் வீட்டிலேயே செய்யலாம். காய்ந்த சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம். அதில் எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே ஊதாவாகி, பிறகு இளஞ்சிவப்பாகும். மஞ்சள் காரத்தில் சிவக்கிறது, சங்குப்பூ புளிப்பில் சிவக்கிறது. வித்தியாசம், இதைக் குடிக்கலாம். சுண்ணாம்பு நீரைக் குடிக்கக் கூடாது. பரணிக்கு இன்னும் சுலபம். கம்பத்தில் கம்பங்கூழுக்கா பஞ்சம்? பீட்ரூட் சாறு விட்டுக் கலக்கி மண்கலயத்தில் ஊற்றினால் போதும். பரிமாறுபவர் சமணப் பேய்க்கு வடிகட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே ஊற்றினால் விருந்துக்குக் களை கட்டும்.

இவை எதிலும் மது இல்லை. சேர்த்துக்கொள்ள விரும்புபவர்கள் சேர்ப்பார்கள். கம்பம்மெட்டு விருந்தில் சங்கடமான கேள்வி அங்கேதான் எழுகிறது. எந்த மது, எந்தப் பக்கத்து மது?

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. மதுவை அரசு நிறுவனமே சில்லறையில் விற்கிறது. நட்சத்திர ஹோட்டல் பாரில் ‘ஜோம்பி’ கேட்டால் கிடைக்கும். பனையேறி இறக்கும் கள் மட்டும் குற்றம். கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. 1996-ல் தடை செய்யப்பட்டது சாராயம். பொள்ளாச்சிப் பக்கத்துக் குடியர்கள் எல்லை தாண்டிப் பாலக்காட்டுக் கள்ளுக்கடைகளுக்குப் போய்வருவது பழைய கதை. சித்தூரில் இறக்கும் கள் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தக் கள்ளிலும் குளோரல் ஹைட்ரேட், டயசெபாம் போன்ற மயக்க மருந்துகள் கலந்திருப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது. இயற்கைக் கள்ளில் இல்லாத வேகத்துக்காகச் சேர்ப்பவை இவை. டாக்டர் ஜெகிலுக்கு உப்பில் இருந்த கலப்படம் தெரியாது. இங்கே கலப்பவர்களுக்குத் தெரியும், குடிப்பவருக்குத்தான் தெரியாது.

எழாத பிணங்கள்

1982-ல் ஓணத்தின்போது கொச்சியை ஒட்டிய வைப்பின் தீவில் விஷச் சாராயம் குடித்து 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பார்வை இழந்தார்கள். 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் 31 பேர். 2023 மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் 20-க்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். அதற்குப் பிறகு தமிழக சட்டசபை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச் சாராயச் சாவுக்குக் காரணமானவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்தது.

இந்தச் சாவுகளுக்குப் பின்னால் இருக்கும் பொருள் பெரும்பாலும் மெத்தனால். தொழிற்சாலைக் கரைப்பான், எரிசாராயத்திலிருந்து நாக்காலும் மூக்காலும் பிரித்தறிவது கடினம். குடித்ததும் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. பல மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, கண்முன் பனி படர்ந்தாற்போன்ற மங்கல். பலர் அதை வழக்கமான போதை என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமாகும் ஒவ்வொரு மணியும் பார்வையைக் கொண்டுபோகிறது, பிறகு உயிரைக் கொண்டுபோகிறது. 10 மில்லி அளவு மெத்தனால்கூடக் கண்ணைப் பறிக்கக்கூடும்.

இதற்கு மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனால், அதாவது சாதாரண மதுவில் உள்ள அதே ஆல்கஹால். கல்லீரலின் நொதி மெத்தனாலை விட்டுவிட்டு எத்தனாலைப் பற்றிக்கொள்கிறது. விஷம் மாறாமலே வெளியேற நேரம் கிடைக்கிறது. ஃபோமெபிசோல் என்ற மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. அளவு பார்த்து டாக்டர்கள் மட்டுமே ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டிய சிகிச்சை இது; வீட்டில் இன்னொரு புட்டியைத் திறந்து செய்வதல்ல. ‘பிணம் எழுப்பி’ என்று சவாய் ஹோட்டலில் தமாஷாக வைத்த பெயர் இந்த ஒரு வார்டில் மட்டும் ஏறக்குறைய நிஜமாகிறது. நேரத்தோடு வந்து சேர்ந்தவருக்கு மட்டும்.

ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கும் கூலிக்காரருக்கு உடம்பு வலிக்கிறது. அவர் கையில் இருக்கும் காசுக்கு என்ன கிடைக்கும் என்பதை எல்லைக்கோடும் வரியும் கள்ளச்சந்தையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பாரில் காக்டெயில் கேட்பவருக்குப் புட்டியின் சீல் உண்டு, லேபிள் உண்டு. ரத்தம், பிணம், விஷம் என்றெல்லாம் கோப்பைக்குப் பெயர் வைத்துச் சிரிப்பதற்கு அந்த சீல் கொடுக்கும் தைரியம் வேண்டும். பாலிதீன் பாக்கெட்டில் வாங்கிக் குடிப்பவருக்கு அந்தத் தைரியத்துக்கு ஆதாரம் கிடையாது.

அந்த சீல்கூட எப்போதும் காப்பாற்றுவதில்லை. ஹாலோவீன் கோப்பையில் புகை எழுவதற்காகச் சேர்க்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிப்பது. உலர்பனி மைனஸ் 78 டிகிரி. 2012-ல் இங்கிலாந்தில் 18-வது பிறந்த நாள் கொண்டாடிய ஒரு பெண், திரவ நைட்ரஜன் முழுதும் ஆவியாகாத காக்டெயிலைக் குடித்து வயிற்றையே இழந்தார். அறுவை செய்து அதை அகற்ற வேண்டியதாயிற்று. 2024 மார்ச்சில் குருகிராம் ஓட்டல் ஒன்றில் சாப்பிட்ட பின் வாய் மணக்கக் கொடுத்த பொருள் உலர்பனி. அதைத் தின்ற ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்தார்கள். அடுத்த மாதம் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை, ‘ஸ்மோக் பிஸ்கட்’ போன்ற தின்பண்டங்களோடு திரவ நைட்ரஜன் உடலுக்குள் போகக் கூடாதென்று எச்சரித்தது. புகை வேண்டுமென்றால் சாம்பிராணி இருக்கிறது. கோப்பைக்கு வெளியே, ஒரு மூலையில்.

ஹாலோவீனை வேண்டாம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. அக்டோபர் கடைசியில் குளிரும் மூடுபனியும் சேர்ந்த ஒரு மலைவீட்டில் பத்து நண்பர்கள் பேய்க்கதை சொல்லிக்கொண்டு ஏதாவது குடிப்பது நல்ல பொழுதுதான். மேரி ஷெல்லியின் நாவலே அப்படி ஒரு மழை இரவில் பிறந்தது. ஒவ்வொரு கோப்பையோடும் அதன் கதையைச் சொல்லலாம். யார் ஊற்றியது, யாருக்கு, எதற்காக என்று. டிராகுலாவின் மேஜையில் கோமான் எதையும் தொடவில்லை என்பதைக் கேட்டவர், கோப்பையைக் கையில் எடுக்கும்போது ஒரு நொடியாவது யோசிப்பார். அப்படி யோசிக்கப் பழகியவர், எல்லைச் சாவடிக்குக் கீழே இன்னொருவர் கையில் இருக்கும் கோப்பையையும் யோசிப்பார்.

இறந்தவருக்குப் பிடித்ததைப் படையலில் வைப்பது தமிழ் வழக்கம். பிடித்தது சாராயம் என்றால் அதற்கும் இலையில் இடம் உண்டு; யாரும் தப்பாக நினைப்பதில்லை. சங்ககாலம் தொட்டு வந்த வழக்கம். மெத்தனாலில் போனவருக்கு அவர் வீட்டார் இலையில் என்ன வைக்க முடியும் என்ற கேள்விக்குப் புறநானூற்றிலும் பதில் இல்லை, பரணியிலும் பதில் இல்லை.